மச்சானுக்கு, நம் வேனின் புது செட்டு பற்றி

பாட்டுக் கிறுக்குப் பிடித்த என் அன்பு மச்சானுக்கு,

உங்கள் பேச்சி எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு உங்களோடு பேசாத நாள் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பேசுகிறேன், அடுப்படியில் பேசுகிறேன், கோபம் வந்தால் உங்கள் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டும் பேசுகிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. ஊர் பேசித் தீர்த்துவிட்டது. காரியாபட்டியில் இருக்கிற உங்கள் அக்கா காதுக்கே போய்விட்டது என்றால் பாருங்கள். அவர் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

நம் வேனுக்குப் புது செட்டு போட்டேன். சிரிக்காதீர்கள். "பாட்டு கேட்டா வயிறு நெறையுமா" என்று காலமெல்லாம் உங்களைக் கரித்துக்கொட்டிய அதே பேச்சிதான் போட்டேன்.

நீங்கள் வைத்திருந்த பழைய செட்டில் ரெண்டே ஸ்பீக்கர். ஒன்று கிழிந்தபோது என் நகப்பாலிஷை எடுத்து அதன் பேப்பரை ஒட்டினீர்கள். நான் பாலிஷைத் தேடி வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கரகரவென்று ஓடுகிற அந்தச் செட்டுப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பாடுறவுக மூச்சு எடுக்குறது கேக்கணும் பேச்சி, அப்பத்தான் அது செட்டு" என்பீர்கள். மூச்சைக் கேட்டு என்ன செய்ய என்று நான் எழுந்து போய்விடுவேன்.

அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசல்வரை கூட நீங்கள் தாங்கவில்லை. காரியம் முடிந்த கையோடு உங்கள் தம்பி கருப்பசாமி, "வேனை வித்துருவோம் மதினி, மகன் படிப்புக்கு ஆகும்" என்றார். மகன் விருதுநகரில் பாலிடெக்னிக்கில் இருக்கிறான், அவர் சொன்னது நியாயம்தான். நான்தான் முடியாது என்றேன். தண்ணீர் இல்லாத கண்மாய்க்குள் என்னை உட்காரவைத்து விளையாட்டாக ஓட்டச் சொல்லிக்கொடுத்தீர்களே, அந்தத் தைரியம். லைசென்ஸ் எடுத்தேன். தாயில்பட்டிப் பக்கம் நீங்கள் ஓட்டிய அதே டிரிப்பை இப்போது நான் ஓட்டுகிறேன். காலையில் நம் ஊர்ப் பெண்களை ஏற்றிப் பட்டாசுக் கம்பெனியில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிறேன்.

முதல் நாள் ஒருத்தியும் ஏறவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி நின்றார்கள். பள்ளிக்கூடத்துத் தெரு மாரிச்செல்விதான், "எங்க மதினி ஓட்டுனா சக்கரம் சுத்த மாட்டேங்குமா? ஏறுங்கடி" என்று சொல்லிவிட்டு ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் ஏறினார்கள். அவள் புருசன் திருப்பூரில் இருக்கிறான், வருவதும் இல்லை, பணம் அனுப்புவதும் இல்லை. வீட்டில் அவளும் அவள் மகள் தர்ஷினியும்தான். பிள்ளை மூன்றாவது படிக்கிறது. இந்த இருவர் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் மச்சான். நடந்ததெல்லாம் இவர்களைச் சுற்றித்தான்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து ஒரு சிவப்பு வேன் நம் ஊருக்குள் வர ஆரம்பித்தது. உள்ளே நீல விளக்கு, பின்னால் பெரிய ஊஃபர். தெருமுனையில் அது திரும்பும்போதே நம் வீட்டுத் தகரக் கதவு அதிரும். சின்னப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அதில் ஏறினார்கள். "அங்கன பாட்டு அதிருது பெரியம்மா, உங்க வேன்ல பாட்டு இருமுது" என்று என் முகத்துக்கு நேராகவே ஒருத்தி சொன்னாள். ஆள் குறைந்தால் வேன் நிற்காது, விற்கத்தான் வேண்டும். அது எனக்குத் தெரியும், கருப்பசாமிக்கும் தெரியும். அவர் வந்து டயரைக் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்.

அதனால்தான் சிவகாசிக்குப் போனேன். செட்டு கடை ரவி, "ஊஃபர் வச்சா சிவப்பு வேன்லாம் நம்ம பக்கத்துல நிக்காதுக்கா" என்றான். கதவுக்குக் கதவு ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிபயர், கடைசி சீட்டுக்குப் பின்னால் பெட்டி மாதிரி ஒரு ஊஃபர். மறுநாள் காலையில் பெண்கள் கைதட்டினார்கள். போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் ஓட்டிக்கொண்டே கேட்டால் எதுவும் சரியாக இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கருக்குள் கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம், மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். முன் சீட்டில் காதைக் கிழித்தது. பின் சீட்டில் தொம் தொம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பாடுகிறவர் எங்கேயோ கிணற்றுக்குள் நின்று பாடினார். நீங்கள் இருந்திருந்தால் பாதிப் பாட்டில் இறங்கிப் போயிருப்பீர்கள். இவ்வளவு செய்தும் அந்த மூச்சு கேட்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்துப்போன மனுசனோடு போட்டி போட்டுக்கொண்டு செட்டு வைத்தவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

ரவிக்குப் போன் போட்டுப் போட்டு அவன் உயிரை எடுத்தேன். எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கிறது, சுரண்டிவிட்டுத் தகரத்தில் படுகிற மாதிரி முடுக்குங்கள் என்றான். செய்தேன், கொசு அடங்கியது. மிச்சம் இருந்தது தகரம் ஆடுகிற சத்தம். அதற்கு ஒரு பென்டிரைவ் கொடுத்தான். "இதுல பாட்டு இல்லக்கா. ஒரு தொம் வரும், கொஞ்சம் சும்மா இருக்கும், அடுத்த தொம் வரும். கண்ணாடி கதவெல்லாம் சாத்திக்கிட்டுக் கேளுங்க. எங்க கிர்ர்னு ஆடுதோ அங்க ஃபோமை வச்சு அடைங்க" என்றான்.

போன் பை விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் இறங்கும்போது எல்லாரும் போனை என் கட்டைப்பையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஜவுளிக்கடையில் கொடுக்கிற அந்தத் தடித்த பை. அதை என் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியில் மாட்டிவிடுவேன். நீங்கள் ஆரம்பித்துவைத்த பழக்கம். புது செட்டு வந்த பிறகு நான் ஒன்று சேர்த்தேன். "போனை எல்லாம் வைப்ரேட்ல போட்டுட்டுக் குடுங்கடி, நடுவுல மணியடிச்சுப் பாட்டைக் கெடுக்குது" என்றேன். எல்லாரும் போட்டுக் கொடுத்தார்கள். என் போனையும் அதே பையில்தான் போட்டிருந்தேன். ஆம்ப்ளிபயர் பக்கத்தில் போன் இருந்தால் ஸ்பீக்கரில் டிக்டிக்கென்று கேட்டது.

அன்றைக்குப் பெண்களை இறக்கிவிட்டுக் கேட் பக்கமே வண்டியைப் போட்டு, பென்டிரைவைச் செருகினேன். முதல் தொம்முக்கே வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"ஏம்மா, என்னத்தப் போடுறீக? உள்ள இருக்கவுகளுக்கு அடிவயிறு கலங்கிப் போகும்மா. அங்கிட்டுத் தள்ளிப் போயி வச்சுக் கேளுங்க."

அவர் சொன்னது சரி. எனக்கே வெட்கமாக இருந்தது. வண்டியைத் திருப்பிக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோனேன். கம்பெனிக்குக் கேட்காத தூரம், வேலிக்கருவேல நிழல், ஆள் நடமாட்டமில்லை. நல்ல இடம் பிடித்தோம் என்று நினைத்தேன். கரைக்கு இந்தப் பக்கம் கம்பெனி என்பதை யோசித்தவள், அந்தப் பக்கம் நம் ஊர் என்பதை யோசிக்கவில்லை. ஊரிலிருந்து பார்த்தால் கம்பெனியும் அந்தக் கண்மாய்க்கரையும் ஒரே திசை.

நம் பக்கத்து ஆட்களின் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்குவாரி வேட்டு எது, வெடித்துப் பார்க்கிற டெஸ்ட் வெடி எது, மழை இடி எது என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்வார்கள். நாமும் அப்படித்தானே வளர்ந்தோம்? இது எதிலும் சேராத ஒரு சத்தம் பகல் வேளையில் கம்பெனித் திசையிலிருந்து வந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்போம். புகை தெரிகிறதா என்று பார்ப்போம். அடுத்தது போன்.

கண்ணாடிகளை ஏற்றினேன், கதவுகளைச் சாத்தினேன். தொம். காத்திருந்தேன். தொம். உள்ளே அனலாகக் கொதித்தது. கடைசி சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டு கேட்டேன். அப்போதுதான் அந்தக் கிர்ர் வந்தது. எங்கேயோ முன்பக்கம், லேசாக. ஆகா, ஆடுகிற தகரம் இதுதான் என்று சந்தோஷப்பட்டேன். எழுந்து வந்து கதவில் ஃபோமை அடைத்தேன். கிர்ர் நிற்கவில்லை. கூரையைக் கையால் அழுத்திப் பிடித்தேன். கூடியது. சீட்டு போல்ட்டை முடுக்கினேன். இன்னும் கூடியது. என்னடா சனியன் இது, ஒன்றை அடைத்தால் ஒன்பது கிளம்புகிறது என்று ரவியைத் திட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. பிடிவாதமாக அந்தச் சத்தத்தை விரட்டிக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து முன்னால் வந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கடைசியில் சலித்துப்போய் செட்டை நிறுத்தினேன்.

கிர்ர் நிற்கவில்லை.

மச்சான், அந்த நொடியை நான் எப்படிச் சொல்ல? செட்டு நின்றுவிட்டது. வண்டி ஓடவில்லை. ஆனாலும் என் சீட்டுக்குப் பின்னால் கிர்ர் கிர்ர் என்று. திரும்பிப் பார்த்தேன். கட்டைப்பை கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாப் போனும் வெளிச்சம் போட்டுக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்று துடித்தது. அம்மா, அத்தை, வீடு, தம்பி, மறுபடி வீடு.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. கம்பெனியில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். நான் போட்ட சத்தத்தில் எனக்கு அது கேட்காமல் போய்விட்டது என்று நினைத்தேன். மேலே கிடந்த ஒரு போனை எடுத்துக் காதில் வைத்தேன். மாரிச்செல்வி போன்.

"அம்மா? அம்மா?" தர்ஷினி. காய்ச்சல் என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை பிள்ளை.

"நான் பேச்சி அத்தை பேசுறேன் தாயி" என்றேன்.

அந்தப் பக்கம் பிள்ளை கத்தியது பாருங்கள். இன்றைக்கு வரைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. சத்தம் கேட்ட பிறகு அம்மா போனை வேறு ஆள் எடுத்தால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் மூன்றாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் அதை யோசிக்காமல் என் பெயரைச் சொன்னேன். போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

கதவைத் திறந்து இறங்கினேன். கரை மேலே ஊர் வந்துகொண்டிருந்தது. பைக்கில் ரெண்டு ரெண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் ஓடிவருகிற பெண்கள், தடியை ஊன்றிக்கொண்டு கிழவர்கள். ஒருத்தி மாவுக் கையோடு ஓடிவந்தாள். "ஐயோ எந்தங்கச்சி, ஐயோ எந்தங்கச்சி" என்று ஒரு குரல். முன்னால் வந்தவனை மறித்து, "என்னப்பா?" என்றேன். "கம்பெனி வெடிச்சிருச்சுக்கா, ரெண்டு மூணு வாட்டி வெடிச்சிருச்சு, ஒருத்தரும் போன் எடுக்க மாட்டேங்காக" என்று நிற்காமல் போய்விட்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெடித்தது நான்.

அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக வந்தது. இவ்வளவு கூட்டமும் ஓலமிட்டுக்கொண்டு கேட்டில் போய் விழுந்தால் உள்ளே என்ன ஆகும்? ஒவ்வொரு ரூமிலும் வெடிமருந்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து ரூம்தான் போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் அடித்துப்பிடித்து எழுந்து ஓடுவார்கள். யாராவது தட்டைத் தவறவிடுவார்கள். யார் காலாவது உரசும். இல்லாத வெடி அப்போது உண்மையாகவே வெடித்துவிடும்.

வேனில் ஏறி, கரைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினேன். பைக் போகவும் இடமில்லாமல் ஒட்டி நிறுத்தினேன். "விடுக்கா, வழிய விடு!" என்று கதவில் உதைத்தார்கள். "யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது நம்ம செட்டுச் சத்தம்" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. ஒருவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். வேறு வழி தெரியவில்லை மச்சான். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, அந்தப் பென்டிரைவை மறுபடியும் போட்டேன்.

தொம்.

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அடுத்த தொம்முக்கு எல்லாருடைய தலையும் கம்பெனிப் பக்கமிருந்து வேன் பக்கம் திரும்பியது. மாவுக் கையோடு வந்தவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். "இதுவாடி? இதுக்காடி எங்க உசுரப் பறிச்ச?" என்று ஒரு கிழவி மண்ணை அள்ளி என் மேல் தூற்றினாள். நான் நகரவில்லை. தூற்றட்டும் என்று நின்றேன். அன்றைக்கு அவர்கள் கையில் மண் இருந்தது, நெருப்பு இல்லையே என்றுதான் இருந்தது எனக்கு.

நான் வழியை மறிப்பதற்கு முன்னால் தாண்டிய ரெண்டு பைக் கேட்டுக்குப் போய்விட்டது. ஆனால் வாட்ச்மேனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தச் சத்தத்தை அவர் காலையில்தான் கேட்டிருந்தார். அவர்களைக் கேட்டிலேயே மடக்கி, போர்மேனைக் கூப்பிட்டார். போர்மேன் பதற்றமில்லாமல் ஒவ்வொரு ரூமாகச் சொல்லி, எல்லாரையும் வரிசையாக வெளியே கூட்டிவந்தார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு வேலையை அதோடு நிறுத்திவிட்டார்கள். இனி இந்த வேன் கேட் பக்கம் வரக் கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். சொல்லத்தானே செய்வார்கள்?

பெண்கள் வந்து பையிலிருந்து அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் முகத்தையே பார்க்கவில்லை. மாரிச்செல்வி கடைசியாக வந்தாள். பெண்கள் வாயில் வராத வசவெல்லாம் அவள் வாயில் வரும், உங்களுக்குத்தான் தெரியுமே. வசவுக்குத் தயாராகத்தான் நின்றேன். அவள் திட்டவில்லை.

"அம்புட்டு நேரமும் எம்புள்ள தாயில்லாப் புள்ளையா இருந்துருக்கு மதினி" என்றாள். போனை எடுத்துக்கொண்டு நடந்தே போனாள்.

மறுநாள் யாரும் நம் வேனில் ஏறவில்லை. எல்லாரும் சிவப்பு வேனில் போனார்கள். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது. டீக்கடைப் பக்கம் நான் போனால் "தொம்" என்று ஒரு குரல் கேட்கும், திரும்பிப் பார்த்தால் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. மாரிச்செல்வி எந்த வேனிலும் ஏறவில்லை என்பதுதான் என்னை அறுத்தது. காலையில் அவள் தூக்கைக் கையில் எடுத்தாலே பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அலறுகிறதாம். தீபாவளி சீசன் நேரம் மச்சான். அந்த வீட்டில் அவள் ஒருத்தி வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும்.

கருப்பசாமி வந்து உட்கார்ந்தார். "ஊரு மறக்காது மதினி. வித்துருவோம்."

"நல்லா ஆக்கிட்டு விக்கிறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சிவகாசிக்குப் போய் ஊஃபரைக் கழற்றச் சொன்னேன். ரவி முகம் செத்துப்போனது. "ஊஃபர் இல்லாம எப்படிக்கா நல்லாருக்கும்?" என்றான். "வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணும் கேக்கக் கூடாது, உள்ள கடைசி சீட்டுல இருக்கவளுக்கு எல்லாம் கேக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்புறம் இறங்கி வேலை செய்தான் பாருங்கள், அவனைத் திட்டியதற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கதவுகளை அக்கக்காகப் பிரித்தான். உள்ளே இருந்த ஓட்டையெல்லாம் அடைத்துத் தார் ஷீட் ஒட்டினான். ஸ்பீக்கர் ஆடாமல் கட்டை வைத்து முடுக்கினான். சின்ன ஸ்பீக்கர்களை முழங்கால் உயரத்திலிருந்து எடுத்துக் காது உயரத்துக்குக் கொண்டுவந்தான். ஆம்ப்ளிபயரில் ஒரு திருகு இருக்கிறது, அதை இத்தனை நாளும் முழுசாகத் திருகி வைத்திருந்தோமாம். குறைக்கக் குறைக்கக் கரகரப்பு போனது. நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வேன், அவன் வெளியே தகரத்தில் காதை வைத்து நிற்பான். "கேக்குதாடா?" "கேக்குதுக்கா." "அப்ப இன்னும் அடை." சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சு.

கடைசியில் ஒரு பழைய பாட்டைப் போட்டான். சத்தம் கொஞ்சம்தான். பக்கத்தில் ஆள் பேசினால் கேட்கிற அளவுதான். பாடுகிற அம்மா பல்லவியை முடித்துவிட்டு அடுத்த அடிக்கு முன்னால் மூச்சை இழுத்தார். எனக்குக் கேட்டது மச்சான். கடைசி சீட்டில், உங்கள் பேச்சிக்குக் கேட்டது. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ரவி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இதற்குத்தானே நீங்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு கிடந்தீர்கள்? ஒருதரம் என்னைப் பிடித்து உட்காரவைத்திருக்கக் கூடாதா?

அழுது முடித்து நேராக மாரிச்செல்வி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். "புள்ளைய ஒரு தடவை அனுப்பு. வேன்ல ஏற வேண்டாம், வெளிய நின்னாப் போதும்" என்றேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். தர்ஷினியே அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் உள்ளே பாட்டைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். பிள்ளை தகரத்தில் காதை வைத்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்பக்கம். சுற்றி வந்து, "கேக்கல" என்றது.

அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது. "அன்னைக்கு எங்கம்மா போனை நீங்க ஏன் எடுத்தீங்க?"

"எடுக்கலேன்னா பயந்துருவேல்ல தாயி."

"எடுத்ததுக்கப்புறம்தான் பயந்தேன்."

மாரிச்செல்வி வாசலில் நின்றுகொண்டு வேறு எங்கோ பார்த்தாள்.

"இனிமே நான் எடுத்தா என்ன சொல்லணும்? நீயே சொல்லு" என்றேன்.

பிள்ளை யோசித்தது. "மொதல்ல 'அம்மா நல்லாருக்கா'ன்னு சொல்லணும். பேரெல்லாம் அப்புறம் சொல்லுங்க."

மறுநாள் காலையில் காலியான வேனோடு வழக்கமான இடத்தில் போய் நின்றேன். மாரிச்செல்வி வந்தாள், பிள்ளை கூடவே வந்தது. சிவப்பு வேனும் நின்றது. மாரிச்செல்வி அதைப் பார்க்கவில்லை. ஏறி, என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனைக் கட்டைப்பையில் போட்டாள். மணிச் சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்துவிட்டுத்தான் போட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. வேனைக் கேட் பக்கம் கொண்டுபோவதில்லை, ரோட்டு முக்கிலேயே இறக்கிவிடுகிறேன்.

அன்றைக்கு வெயில் ஏறுகிற நேரத்தில் மாரிச்செல்வி போன் மணியடித்தது. பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருந்தது, மணி அதற்கு மேலே நன்றாகக் கேட்டது. எடுத்தேன். "அம்மா நல்லாருக்கா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அந்தப் பக்கம் பேச்சில்லை. பாட்டு மட்டும் ஓடியது. அலறப்போகிறதோ என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அத்தை, அது என்ன பாட்டு?" என்றது பிள்ளை. "நிப்பாட்டாதீங்க. இங்க நல்லாக் கேக்குது."

பாட்டு முடிகிற வரைக்கும் போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்து ஆயாவின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறது. மறுநாளும் கூப்பிட்டது. அதற்கு மறுநாளும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்வேன், அது பாட்டைக் கேட்கும், வைத்துவிடும்.

நேற்று கூப்பிடவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது, மணியடிக்கவே இல்லை. நான் பாட்டையும் நிறுத்திவிட்டுப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு என்னென்னவோ நினைத்தது. சாயங்காலம் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் திரும்பினால், தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறது பிள்ளை. "ஏன்டி கூப்பிடல?" என்றேன். "மறந்துட்டேன் அத்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவியது.

அவளுக்குப் பயம் தெளிந்துவிட்டது மச்சான். எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை.

கருப்பசாமி இப்போதைக்கு விற்கிற பேச்சை எடுக்கவில்லை. சிவப்பு வேனில் போனவர்கள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் ஓட்டுகிற வரைக்கும் இந்த வேனில் பாட்டு ஓடும், ஒரு பிள்ளை தன் அம்மாவைத் தேடிக் கூப்பிடுகிற மணியை அது ஒருநாளும் மறைக்காது. அந்த மணி அடித்தால் நான் எடுப்பேன். முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்வேன். அதைச் சொல்ல முடியாத நாள் ஒன்று வராமல் மட்டும் நீங்கள் அங்கிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் மாமன் மகள்,
பேச்சியம்மாள்